மெதுவாய்ச் சுற்றும் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



இம்மாதம் நமது கைத்தொழில் பகுதிக்கு வந்த மடல்களில் ஒரு சகோதரியின் மடல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக் கொண்டிருப்பதால் அவற்றைத் தவிர்த்து, மடலின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

“எங்கள் மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரமலான் முப்பது நாளும் வீட்டுக் கஞ்சியை அவர்கள் கையாலேயே காய்ச்சுவார்கள். அக்கம்பக்கத்து நான்கு வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு. நொய்யும் பாசிப்பருப்பும் வெந்து இறுகும் நேரத்தில் ஒரு நிமிடம் கை ஓய்ந்தாலும் அடிப்பிடித்துவிடும். சென்ற ஆண்டு முதல் அவர்களுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. நான் துடுப்பை வாங்கினாலும் கொடுப்பதில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ‘நன்னிம்மாவுக்கு நான் ஒரு கஞ்சி கிண்டும் பொறி செய்து தருகிறேன்’ என்று புறப்பட்டான். பழைய மிக்ஸியின் மோட்டாரைக் கழற்றி, வேகத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டரை இணைத்தான். முதலில் கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. வேகத்தைக் குறைத்தபோது துடுப்பு அசையவே இல்லை. சிறிது நேரத்தில் புகை வந்து மோட்டார் கருகிவிட்டது. அவனுடைய வாப்பா, ‘படிக்கிற வயதில் இந்த விளையாட்டு எதற்கு?’ என்று கடிந்து கொண்டார். பிள்ளை மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இவனை ஊக்குவிப்பதா, தடுப்பதா? ஊக்குவிப்பதென்றால் எந்த மோட்டாரை வாங்கித் தர வேண்டும்?”

சகோதரியே, முதலில் தங்கள் மகனைப் பற்றி ஒரு சொல். அவர் செய்தது விளையாட்டன்று. பிறர் துன்பத்தைக் கண்டு, அதை நீக்கக் கையில் கருவியை எடுத்திருக்கிறார். அவர் தவறியது முயற்சியிலும் அன்று, கேள்வியில் தவறினார். “இந்த மோட்டார் எத்தனை வாட்?” என்று பார்த்தாரே தவிர, “இது எவ்வளவு மெதுவாகச் சுற்றும்? சுற்றும்போது எவ்வளவு பாரத்தைத் திருப்பும்?” என்று பார்க்கவில்லை. பொழுதுபோக்காகப் பொறிகள் செய்வோரில் மிகப் பலர் முதல் மோட்டாரைக் கருக்குவது இந்த ஓர் இடத்தில்தான். ஆகவே இதை எல்லா வாசகர்களுக்கும் பயன்படும் வகையில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அடுப்படியிலேயே இருக்கும் பாடம்

நம் இல்லங்களில் மிக்ஸியும் உண்டு. மாவரைக்கும் கிரைண்டரும் உண்டு. மிக்ஸியின் மோட்டார் ஏறத்தாழ 500 முதல் 750 வாட் வரை மின்சாரம் எடுக்கும். மேசைமேல் வைக்கும் கிரைண்டரின் மோட்டார் ஏறத்தாழ 150 வாட்தான். ஆனால் மிக்ஸியின் கத்தியை ஒரு சிறு கட்டி மஞ்சளே சில வேளை நிறுத்திவிடுகிறது. கிரைண்டரோ கனத்த கற்களையும் கெட்டியான உளுந்து மாவையும் சேர்த்து அலுப்பின்றிச் சுற்றுகிறது. வலிமை குறைந்தது எப்படி அதிகப் பாரத்தைச் சுற்றுகிறது?

விடை வேகத்தில் இருக்கிறது. மிக்ஸி மோட்டார் பாரமின்றி ஓடும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 சுற்றுச் சுற்றும். கிரைண்டரின் பாத்திரமோ நம் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டாரிலிருந்து வரும் வேகத்தைப் பெல்ட்டும் சக்கரமும் குறைத்துவிடுகின்றன. வேகம் குறைந்த அளவுக்குத் திருப்பும் வலிமை கூடுகிறது. இந்தத் திருப்பும் வலிமையையே பொறியியலார் முறுக்கு விசை என்பர்.

முறுக்கு விசை என்பது இரண்டு அளவுகளின் பெருக்கம். எவ்வளவு விசையுடன் தள்ளுகிறோம், மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் தள்ளுகிறோம் என்பனவே அவ்விரண்டு அளவுகள். கதவைக் கீலின் அருகே கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், நகராது. கைப்பிடியில் தள்ளினால் ஒரு விரல் போதும். செக்கில் மாட்டைக் கட்டும் தடி நீண்டிருப்பதும் இதனாலேயே. கடைக்காரர்கள் இதைக் கிலோ-சென்டிமீட்டர் என்னும் அளவில் சொல்வார்கள். மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கிலோ எடையைத் தாங்கினால் அது ஒரு கிலோ-சென்டிமீட்டர்.

ஒரு குதிரையும் ஒரு மிக்ஸியும்

மோட்டார்களைக் ‘குதிரைத்திறன்’ என்று அளக்கிறோமே, அவ்வளவு எப்படிப் பிறந்தது தெரியுமா? 1780-களில் ஜேம்ஸ் வாட், தம் நீராவிப் பொறியின் திறனை மக்களுக்கு விளக்க, ஆலையில் சுற்றி நடக்கும் குதிரையைக் கணக்கிட்டார். அக்குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில், ஒரு மணி நேரத்திற்கு 144 முறை சுற்றி வரும். 180 பவுண்டு விசையுடன் இழுக்கும் என்பது அவர் கணக்கு. அதிலிருந்து பெறப்பட்டதே இன்று நாம் 746 வாட் என வழங்கும் ஒரு குதிரைத்திறன்.

இதை நம் அளவில் மாற்றிப் பார்ப்போம். குதிரை நிமிடத்திற்கு 2.4 சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் அதன் முறுக்கு விசை ஏறத்தாழ 30,000 கிலோ-சென்டிமீட்டர். இனி 500 வாட் மிக்ஸியைப் பாருங்கள். அது எடுக்கும் மின்சாரம் முழுவதும் வீணின்றிச் சுழற்சியாக மாறுவதாகவே வைத்துக் கொண்டாலும், 18,000 சுற்று வேகத்தில் அதன் முறுக்கு விசை 2.7 கிலோ-சென்டிமீட்டர்தான்! திறனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் திருப்பும் வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. முறுக்கு விசையைக் கிலோ-சென்டிமீட்டரிலும், வேகத்தை நிமிடச் சுற்றிலும் எடுத்துப் பெருக்குங்கள். வரும் தொகையை 97ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். மனக்கணக்கிற்கு 100ஆல் வகுத்தாலே போதும். தங்கள் மகன் இதனை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கட்டும்.

ரெகுலேட்டர் ஏன் கைகொடுக்கவில்லை?

மின்னழுத்தத்தைக் குறைத்தால் மோட்டாரின் வேகம் குறையும் என்பது உண்மையே. ஆனால் விசை கூடாது. அதுவும் சேர்ந்தே குறையும். கிரைண்டரில் சக்கரங்கள் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகின்றன. ரெகுலேட்டரோ வேகத்தை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தருவதில்லை. மேலும் மிக்ஸி மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் திணறி நின்றால் விசிறியும் நிற்கும். கம்பிச் சுருளில் மட்டும் மின்சாரம் பாய்ந்து கொண்டேயிருக்கும். தங்கள் வீட்டில் எழுந்த புகைக்குக் காரணம் இதுவே. பிள்ளையின் கை செய்த பிழை அன்று அது; அந்த மோட்டாரின் இயல்பு.

ஆகவே மெதுவான வேகமும் மிகுந்த விசையும் வேண்டுமெனில், வேகத்தைப் பற்சக்கரத்தால் குறைத்த மோட்டாரே வேண்டும். கடையில் ‘கியர் மோட்டார்’ என்று கேட்க வேண்டும். இது புதிய கலையும் அன்று. அல்-ஜஸரீ 1206-இல் நிறைவு செய்த பொறிகள் பற்றிய நூலில், விலங்கு சுற்றி நடக்கும் மெதுவான சுழற்சியைப் பற்சக்கரங்கள் வழியே கடத்தி நீர் இறைக்கும் பொறிகளைப் படத்துடன் விளக்கியிருக்கிறார். மாட்டின் இடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. பற்சக்கரத்தின் வேலை அன்று போலவே இன்றும் இருக்கிறது.

பற்சக்கரங்களில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, பல்லோடு பல் நேராகப் பொருந்தும் சாதாரணச் சக்கரம். இதில் இழப்புக் குறைவு. ஆனால் வேகத்தை மிகவும் குறைக்கப் பல சக்கரங்களை அடுக்க வேண்டும். மற்றொன்று, திருகாணி போன்ற தண்டு ஒரு சக்கரத்தை மெல்ல நகர்த்தும் ‘வார்ம் கியர்’. ஒற்றைப் புரித் திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 50 பற்கள் இருந்தால் வேகம் ஒரே படியில் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். உராய்வினால் ஏறத்தாழப் பாதித் திறன் வீணாகலாம் என்பது இதன் குறை. பெரும்பாலான வார்ம் கியர்களை வெளியிலிருந்து பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது இதன் தனித்தன்மை. பாரம் தூக்கும் பொறிக்கு அது நன்மை. நாம் பின்னர் காணப்போவது போல், சில நேரம் அதுவே ஆபத்து.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் தங்கள் மகன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கஞ்சிச் சட்டியின் குறுக்கே வைக்க ஒரு தடித்த பலகை எடுத்து, நடுவில் துளையிட்டு, துடுப்பின் தண்டை அதன் வழியே இறக்கட்டும். தண்டின் தலையில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுக்குக் கட்டை ஒன்றைப் பிணைக்கட்டும். பயணப் பெட்டி நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்றைக் கட்டையின் முனையில் மாட்டி, கட்டைக்குச் செங்குத்தாக, ஒரே சீராக இழுக்கட்டும். கால் சுற்று இழுத்தாலே போதும். கஞ்சி நன்கு இறுகிய நிலையில், அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி சற்று அடங்கிய பின் இதைச் செய்ய வேண்டும். தராசு காட்டும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக் கொள்ளட்டும்.

எடுத்துக்காட்டாக, தராசு ஒன்றரைக் கிலோ காட்டுவதாகக் கொள்வோம். ஒன்றரையை 20ஆல் பெருக்க, 30 கிலோ-சென்டிமீட்டர். கஞ்சி கிண்ட நிமிடத்திற்கு 30 சுற்று, அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று, தாராளமாகப் போதும். 30ஐ 30ஆல் பெருக்கி 97ஆல் வகுத்தால் 9 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. மாமி அவர்களின் தோளை நோகச் செய்யும் அந்த வேலைக்குத் தேவையான திறன் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கின் அளவே! 500 வாட் மோட்டார் தோற்ற இடத்தில் 9 வாட் வெல்லும். அதை எந்த வேகத்தில் தருகிறோம் என்பதே செய்தி.

ஆனால் அளந்த அளவிலேயே நின்றுவிடலாகாது. தேங்காய்ப்பால் சேர்க்கும் முன் கஞ்சி மேலும் இறுகலாம். கறித்துண்டு துடுப்பில் சிக்கலாம். நின்ற கஞ்சியை மீண்டும் நகர்த்த அதிக விசை வேண்டும். ஆகவே இரு மடங்காக, 60 கிலோ-சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அப்போது தேவை 18 வாட். வார்ம் கியரின் இழப்பையும் சேர்த்தால் மோட்டார் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 40 வாட். 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல்.

எந்த மோட்டார்?

இப்போது கடைத்தெருவில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

1. மாணவர்களின் சிறு வண்டிகளில் வரும் மஞ்சள் நிற நெகிழிக் கியர் மோட்டார் மலிவானது. ஆனால் அதன் விசை ஏறத்தாழ ஒரு கிலோ-சென்டிமீட்டர் அளவே. பொம்மை வண்டிக்கு உகந்தது, கஞ்சிக்கு ஆகாது.

2. மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் சிறு மோட்டார் சில வாட் மட்டுமே எடுத்து, நிமிடத்திற்கு ஐந்தாறு சுற்று அமைதியாகச் சுற்றும். கண்காட்சிப் பொருளைச் சுற்றிக் காட்ட இதைவிட எளியது இல்லை. ஆனால் எந்தத் திசையில் புறப்படும் என்பது அதன் விருப்பம். சில வகைகள் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவதால் ஈரமுள்ள இடத்தில் வைக்கலாகாது.

3. ஸ்டெப்பர் மோட்டார் துல்லியமாக அடியடியாய் நகர வேண்டிய பொறிகளுக்கு உரியது. நிற்கும்போதும் மின்சாரம் எடுக்கும். அதை இயக்கத் தனி மின்னணுச் சுற்று வேண்டும். வேகம் கூடக்கூட விசை குறையும். நம் பணிக்கு இது தேவையற்ற செலவு.

4. உலோகக் கியருடன் கூடிய 12 வோல்ட் மோட்டார்கள் 10, 30, 60, 100 சுற்று எனப் பல வேகங்களில் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் கேட்கலாம். குறைந்த பாரத்திற்கு நல்லவை. வாங்கும்போது விசையின் அளவைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

5. கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. வார்ம் கியர் உள்ளேயே அமைந்தது. பொதுவாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 45, 65 என இரண்டு வேகங்கள் கொண்டது. மழையில் மணிக்கணக்காக ஓடும்படி செய்யப்பட்டது. புதுப்பேட்டை போன்ற பழைய வாகன உதிரிச் சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

தங்கள் மகனுக்கு நான் பரிந்துரைப்பது ஐந்தாவது வகையையே. வாங்கும்போது கடையிலேயே ஒரு மின்கலத்தை இணைத்து ஓடவிட்டு, இரண்டு வேகமும் வேலை செய்கின்றனவா, கரகர ஓசை இல்லையா எனப் பார்க்க வேண்டும். அதன் தண்டில் மாட்டியிருக்கும் இரும்புக் கையையும் சேர்த்தே வாங்க வேண்டும். அத்தண்டு கூம்பாகவும் வரிப்பற்களுடனும் இருப்பதால், வேறு எதையும் அதில் உறுதியாகப் பொருத்துவது கடினம். கையிருந்தால் துடுப்பை அதனுடன் இணைப்பது எளிது. பல வைப்பர் மோட்டார்களில் உலோக உடலே மின்சாரத்தின் ஒரு முனையாக அமைந்திருக்கும். ஆகவே அதை மரப்பலகையில் பொருத்த வேண்டும். சட்டியின் உலோகத்தில் படவிடலாகாது.

ஓர் எச்சரிக்கை. மோட்டாரின் அட்டையில் ‘100 கிலோ-சென்டிமீட்டர்’ என்று கண்டவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். அது தொடர்ந்து தரக்கூடிய விசையா, அல்லது தண்டை அசையாமல் பிடித்து நிறுத்தும்போது காட்டும் விசையா என்று கேளுங்கள். நிறுத்த விசை என்பது மோட்டார் கருகும் தறுவாயில் காட்டும் வலிமை. நேர்மின் மோட்டார்களை நெடுநேரம் ஓட்டுவதாயின், நிறுத்த விசையில் நான்கில் ஒரு பங்கையே நம்பலாம். நமக்கு 60 வேண்டுமெனில், நிறுத்த விசை 240 கிலோ-சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். விற்பவருக்கு விடை தெரியாவிட்டால், எழுதப்பட்டிருப்பது நிறுத்த விசை என்றே வைத்துக்கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பு.

மின்சாரம் கொடுக்கும் முறை

வீட்டு மின்சாரத்தை நேரடியாக அடுப்பருகே கொண்டுவரவே வேண்டாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று ஒரு வேளைக் கஞ்சிக்குப் போதும். மின்மாற்றி வகை அடாப்டரைப் பயன்படுத்துவதாயின் 10 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும். மோட்டார் ஓடும்போது மூன்று, நான்கு ஆம்பியர் எடுத்தாலும், புறப்படும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். சிறிய அடாப்டர் அந்நேரத்தில் அணைந்துவிடும். மின்கலத்தின் நேர்முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். 45 சுற்று வேகம் அதிகமெனத் தோன்றினால், நேர்மின் மோட்டாருக்கென விற்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை 10 ஆம்பியருக்குக் குறையாததாக வாங்கி இணைக்கலாம். பற்சக்கரம் ஏற்கெனவே விசையைப் பெருக்கித் தந்துவிட்டதால், இங்கே வேகத்தைச் சிறிதளவு குறைப்பதால் தீங்கில்லை. முதல் நாள் கால் மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி, மோட்டாரின் மேல் கைவைத்துப் பார்க்கட்டும். கை தாங்காத சூடு என்றால் பாரம் அதிகம் என்று பொருள்.

மெதுவானது தீங்கற்றதன்று

இனி நான் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. மேலே சொன்னவை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டில் மாவு பிசையும் பொறி ஒன்றைச் செய்தேன். பழைய வைப்பர் மோட்டார்தான். துடுப்பையும் மோட்டாரையும் இணைக்கும் இரும்பு ஆணி காணாமற் போகவே, ஒரு மரக்குச்சியைச் சீவித் துளையில் செருகிவிட்டு ஓட்டிக் காட்டினேன். மிக மெதுவாகச் சுற்றும் அதைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. என் ராத்தா குனிந்து மாவைத் தொட்டுப் பார்த்தார்கள். முந்தானையின் ஓரம் தண்டில் பட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. சேலை இறுகி, கழுத்து பலகையை நோக்கி இழுபட்டது. நான் ஸ்விட்சைத் தேடினேன். அது பலகையின் மறுபக்கம், ராத்தாவின் கைக்கும் என் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. அந்நேரம் ‘படக்’ என்ற ஓசையுடன் மரக்குச்சி முறிந்தது. துடுப்பு நின்றது. ராத்தா மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்தார்கள். அந்தக் குச்சி அங்கே இருந்தது என் அறிவினால் அன்று. இரும்பு ஆணி தொலைந்ததனால். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, அன்றிரவு நெடுநேரம் உறங்காமல் கிடந்தேன்.

வேகமான மோட்டாரைக் கண்டால் நாம் தானாகவே விலகுகிறோம். மெதுவான மோட்டார் நம் அச்சத்தைப் போக்கிவிட்டு, விசையை மட்டும் வைத்துக் கொண்டிருக்கிறது. மிக்ஸி தடைபட்டால் நின்றுவிடும். கியர் மோட்டாரோ தடையை முறித்துக் கொண்டு போகும். வார்ம் கியராயின், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கையால் பின்னோக்கித் திருப்பி விடுவிக்க இயலாது.

ஆகவே இந்த நான்கு விதிகளையும் தங்கள் மகன் மாற்றமின்றிக் கைக்கொள்ள வேண்டும். துடுப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய மரக்குச்சியே ஆணியாக இருக்கட்டும். அது முறிவதற்கென்றே வைக்கப்படுவது. பெரிய ஸ்விட்ச் ஒன்று கிண்டுபவரின் இடது கைப்பக்கம், குனியாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுற்றும் தண்டு முழுவதையும், அசையாமல் நிற்கும் ஒரு குழாய் மூடியிருக்கட்டும். துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக் கொள்ளாமல் எவரும் அருகே போகலாகாது. சிறு குழந்தைகளை அப்பக்கம் விடவே கூடாது.

உணவு தொடர்பாகவும் கவனம் வேண்டும். பழைய வாகன மோட்டாரின் மசகு கஞ்சியில் சொட்டிவிடலாகாது. மோட்டாரைச் சட்டிக்கு நேர் மேலே பொருத்தாமல், பலகையைப் பக்கவாட்டில் நீட்டி ஓரமாகப் பொருத்தி, சைக்கிள் சங்கிலியும் ஒரே அளவிலான இரு பற்சக்கரங்களும் கொண்டு துடுப்பைச் சுற்றலாம். அவ்வாறு செய்தால் ஆவியும் அனலும் மோட்டாரைத் தாக்கா. சங்கிலியின் கீழே ஒரு தட்டும், அதைச் சுற்றி ஒரு மூடியும் இருக்க வேண்டும். கஞ்சியைத் தொடும் பகுதி மரத்தாலோ துருப்பிடிக்காத எஃகாலோ மட்டுமே ஆகட்டும். மின்கம்பிகள் அடுப்பின் அனலுக்கு எதிர்ப்பக்கமாகச் செல்லட்டும்.

பள்ளிவாசல் சட்டிக்கு ஆகுமா?

இதைப் படித்ததும் சிலர் பள்ளிவாசலில் காய்ச்சும் பெரிய கஞ்சிச் சட்டிக்கும் இதையே வைக்கலாமா என்று கேட்கக்கூடும். கூடாது. சட்டியும் துடுப்பும் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால், அதே வேகத்தில் கிண்டத் தேவையான விசை எட்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். அதற்கு நிமிடத்திற்கு 1,440 சுற்றுச் சுற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரையும், ஐம்பதுக்கு ஒன்று எனக் குறைக்கும் வார்ம் கியர் பெட்டியையும் இணைத்தால், ஏறத்தாழ 29 சுற்று வேகத்தில் 700 கிலோ-சென்டிமீட்டர் அளவு விசை கிடைக்கும். ஆனால் அது 230 வோல்ட்டில் ஓடுவது. நில இணைப்புடன், தேர்ந்த மின்பணியாளர் கையால் அமைக்கப்பட வேண்டியது. மாணவர் கையில் விடும் வேலையன்று.

வேறு எந்தப் பொறி செய்வோருக்கும் இதே வழிதான். எத்தனை சுற்று, எவ்வளவு விசை, எவ்வளவு நேரம், நின்ற இடத்தில் பாரத்தைத் தாங்க வேண்டுமா என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும். மோட்டாரின் உருவத்தையும் வாட் எண்ணையும் கண்டு வாங்குவது, குதிரையின் நிறத்தைக் கண்டு வாங்குவது போன்றதே.

சகோதரியே, தடுப்பதா ஊக்குவிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஊக்குவியுங்கள், ஆனால் தனியே விடாதீர்கள். தராசு பிடித்து எண்ணைப் படிக்கும் வேலையை அவருடைய வாப்பாவிடம் கொடுங்கள். கடிந்து கொண்டவர் 9 வாட் என்னும் விடையைத் தம் கண்ணால் கண்டால், அடுத்த வாரம் சந்தைக்கு அவரே பிள்ளையை அழைத்துச் செல்வார் என்பது என் எண்ணம்.

மாமி அவர்களிடமும் ஒரு சொல் கேளுங்கள். அவர்கள் துடுப்பைக் கொடுக்க மறுப்பது பிடிவாதத்தால் இருக்காது. முப்பது நாளும் நான்கு வீட்டுக்குக் கஞ்சி கொடுக்கும் கை தம்முடையது என்னும் நிறைவை இழக்க அவர்கள் விரும்பவில்லை போலும். ஆகவே பொறி வந்த பின்னும் உப்புப் பார்ப்பதும், பதம் சொல்வதும், ஸ்விட்சைப் போடுவதும் அவர்களே செய்யட்டும். தோளின் பாரத்தை மட்டும் மோட்டார் வாங்கிக் கொள்ளட்டும்.

பொறி ஓடத் தொடங்கியதும், தராசு எத்தனை கிலோ காட்டியது, எத்தனை மரக்குச்சிகள் முறிந்தன என்பதைத் தங்கள் மகனே தம் கையால் எனக்கு எழுதட்டும். இன்ஷா அல்லாஹ், அம்மடலை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

வஸ்ஸலாம்.